மெட்ராஸில் பார்த்துவிட்டு வந்தவர்

கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் ஒரு வதந்தி இன்னும் உயிரோடு நடமாடுகிறது. எழுபத்தைந்தாம் வருஷம் தேசப்பன் டூரிங் டாக்கீஸுக்கு வந்த ‘செம்புக் குதிரை – இரண்டாம் பாகம்’ என்ற மாயாஜாலப் படத்தில் நாலு ரீலை எவனோ வெட்டிவிட்டான் என்பதே அந்த வதந்தி. வெட்டின நாலு ரீலில்தான் இறக்கை முளைத்த குதிரைக்குட்டி வருகிறதாம். பேசின் பிரிட்ஜில் ரயில் நின்றபோது வெட்டினார்கள் என்று ஸ்டேஷன் எதிரே வெற்றிலைக் கடை வைத்திருப்பவர் அடித்துச் சொல்கிறார். அதெல்லாம் இல்லை, எல்லைக்கு அந்தப்பக்கத்து முதலாளி ஒருவர் வாங்கித் தன் தெலுங்குப் படத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டார் என்பது ஆரம்பாக்கத்துக் கட்சி. குட்டியின் இறக்கை என்ன நிறம் என்று கேட்டால் இரண்டு கட்சியும் ஒரே குரலில் ‘மயில்கழுத்து நிறம்’ என்கின்றன. வெட்டிப்போன காட்சியின் நிறம் மட்டும் எப்படி வெட்டுப்படாமல் வந்து சேர்ந்தது?

விசாரித்துப் பார்த்ததில் விஷயம் சப்பென்று இருந்தது. படப்பெட்டிமேல் ஒட்டியிருந்த சீட்டில் ரீல் பதினாலு. ரயிலில் வந்து இறங்கியது பதினாலு. திரும்பி ஏறியதும் பதினாலு. ஒரு அங்குலம் குறையவில்லை. ஆக, அந்தக் குட்டியைக் குதிரை ஈனவில்லை. ஈன்றது ஒரு மனிதர். அவர் தனி ஆள் அல்ல, ஒரு இனம். அந்த இனத்துக்குப் பெயர், ‘மெட்ராஸில் பார்த்துவிட்டு வந்தவர்’.

உங்களுக்குத் தெரியாதவரா? ஊருக்கு ஒரு தபாலாபீஸ், ஒரு ரேஷன் கடை, ஒரு மெட்ராஸில் பார்த்துவிட்டு வந்தவர் என்பது சர்க்கார் உத்தரவு இல்லாமலே நடந்துவரும் ஏற்பாடு. படம் நம் ஊர்க் கொட்டகைக்கு வர நாலு மாதம் ஆகும், ஆறு மாதமும் ஆகும், சில படம் மழையில் நனைந்த பொங்கல் வாழ்த்து மாதிரி அடையாளம் தெரியாமல் வந்து சேரும். அதுவரைக்கும் படம் என்றால் அவர்தான். படம் பார்க்கவென்றே போனதாக அவர் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டார். ஒரு சோலியாக மெட்ராஸ் போனார், திரும்பும்போது கூட்டம் தள்ளிக்கொண்டுபோய்க் கொட்டகைக்குள் விட்டுவிட்டது, அவ்வளவுதான். கதை சொல்லச் சொன்னால் மாட்டேன் என்பார். சொன்னால் உங்களுக்கு மஜா போய்விடுமாம். நாம் கெஞ்ச வேண்டும். கெஞ்சினால் ஒரே ஒரு சீன் மட்டும் சொல்கிறேன் என்பார். ஒன்றரை மணி நேரம் கழித்து அந்த ஒரே சீன் முடியும்போது கதாநாயகிக்குக் கழுத்தில் தாலி ஏறியிருக்கும், நம் டீ ஆறியிருக்கும்.

அதோடு விடுவாரா? படம் நம் ஊருக்கு வந்ததும் முதல் நாளே வந்து சரியாக நம் முதுகுக்குப் பின்னால் உட்காருவார். நகைச்சுவை நடிகர் வாயைத் திறக்குமுன் இவர் சிரித்துவிடுவார். அம்மா சாகப்போகிறாள் என்றால் அவளுக்கு இருமல் வருமுன் இவர் மூக்கைச் சிந்திவிடுவார். கதாநாயகன் முதுகில் கத்தி இறங்கி நமக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் குனிந்து நம் காதில் சொல்வார்: “பயப்படாத, சாவ மாட்டான்.”

இந்த இனத்தின் உத்தமமான மாதிரி, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு இரும்புக் கம்பி ஆலையில் ஃபிட்டராக இருக்கும் அருணகிரி. வயது முப்பத்தெட்டு. வெள்ளிக்கிழமை புதுப்படம் வருகிறது என்றால், காலை ஷிப்டு முடிந்து இரண்டு மணிக்குச் சங்கு ஊதும்போதே அவர் கை கழுவி, சட்டை மாற்றி, சீப்பைப் பின்பாக்கெட்டில் செருகி நிற்பார். மூணு மணி வண்டியில் சென்ட்ரல். எதிர்ச் சந்துக் கொட்டகையில் மாலைக் காட்சி. கடைசி வண்டியில் வீடு. சனிக்கிழமை ஒன்பது மணி டீ இடைவேளையில் ஆலைக் கேண்டீனில் அவருக்கென்று ஒரு முக்காலி காலியாக இருக்கும். மேனேஜர் வந்தால்கூட அதில் உட்கார யோசிப்பார்.

பதினோரு வருஷம் இந்தத் தொண்டு நடந்தது. எதிரே கேண்டீன் நடத்தும் கலியன், உலைக்கு முன்னால் வெந்து கறுத்துப்போன தாவீது, அவனுக்குப் பின்னால் நாற்பது, ஐம்பது பேர். அருணகிரியின் முன்னால் ஒரு டீ கிளாஸ், ஒரு பன், ஒரு பதினாறாம் நம்பர் ஸ்பேனர். டீ கிளாஸ் அரண்மனை, பன் மலை, ஸ்பேனர் கதாநாயகன். ‘செம்புக் குதிரை’ முதல் பாகத்தை அவர் சொன்ன அழகை இன்னும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார்கள். லாயத்தில் சாணி அள்ளும் மாறன் என்ற வாலிபன், பாழுங்கிணற்றில் ஒரு செம்புக் குதிரையைக் கண்டெடுத்து, அதன் இடது காதைத் திருகினால் பறக்கும் என்று கண்டுபிடித்து, ஒற்றைக்கண் மந்திரவாதியை அக்கினிக் குண்டத்தில் தள்ளி, இளவரசியை மீட்டு, பூமாரி பொழிய ராஜாவான கதை. ஸ்பேனர் பன்னைத் தாண்டிப் பறந்தபோது ஐம்பது தலைகளும் அண்ணாந்து பார்த்தன. பிறகு படமே கொட்டகைக்கு வந்தபோது, பார்த்துவிட்டு வந்த தாவீது வருத்தத்தோடு சொன்னான்: “படம் பரவால்ல அண்ணாத்த. ஆனா நீ பறந்த அளவுக்கு அது பறக்கல.”

இதைவிடப் பெரிய பட்டம் எந்தப் பல்கலைக்கழகம் கொடுக்கும்?

மூன்று வருஷம் கழித்து இரண்டாம் பாகம் வருகிறது என்று பேப்பரில் போட்டார்கள். ஆலையே பரபரத்தது. விளம்பரத்தில் இரண்டு சங்கதிகள் மட்டும் இடித்தன. ஒன்று, ‘முதற் பாகத்தில் மகிழ்ந்தீர்கள், இதில் சிந்திப்பீர்கள்’ என்று போட்டிருந்தது. எட்டு மணி நேரம் உலைமுன் நின்றவனைக் காசு கொடுத்துச் சிந்திக்கச் சொல்வது என்ன நியாயம் என்று கலியன் கேட்டார். இரண்டாவது, மூலையில் ‘வயது வந்தவர்களுக்கு மட்டும்’ என்றிருந்தது. இந்த இரண்டாவது, முதலாவதன் காயத்தை உடனே ஆற்றிவிட்டது. அந்த வாரம் ஆலையில் பலபேர் மீசையைத் திருத்திக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை அருணகிரி போனார். பார்த்தார்.

ராஜாவுக்குத் தலை நரைத்திருந்தது. மழை பெய்து மூன்று வருஷம் ஆன நாடு. குதிரை லாயத்தில் களிம்பு பிடித்து நிற்கிறது. காதைத் திருகினால் கீச்சென்று ஒரு சத்தம், பறக்கவில்லை. முதல் பாகத்தில் ஆடாக மாறிச் சிரிக்கவைத்த நகைச்சுவை நடிகர் மூன்றாம் ரீலிலேயே பசியில் செத்துப்போகிறார். பாட்டு மொத்தம் இரண்டு. இரண்டும் ஒப்பாரி. கஜானா காலி என்று மந்திரிகள் சொல்ல, ராஜா தன்னை ராஜாவாக்கின குதிரையை உருக்கிக் காசு அடிக்க உத்தரவு போடுகிறார். அப்போது சபைக்கு ஒரு பெண் வருகிறாள். யார் என்று பார்த்தால், முதல் பாகத்தில் விசிலடித்துக் குண்டத்தில் தள்ளினோமே, அந்த மந்திரவாதியின் பெண்டாட்டி. மந்திரவாதிக்குப் பெண்டாட்டி உண்டு என்று யாராவது நினைத்தோமா? அவள் ராஜாவை நேராகப் பார்த்து ஒரு கேள்வி கேட்கிறாள். சபை அடங்குகிறது. ராஜா வாயைத் திறக்கிறார்.

அப்புறம்? அப்புறம் அருணகிரி சென்ட்ரலில் வண்டி ஏறினார்.

சனிக்கிழமை முக்காலி தயார். டீ, பன், ஸ்பேனர் எல்லாம் கேட்காமலே வந்தன. ‘சொன்னா மஜா போய்டும்’ என்ற வழக்கமான பிகுவைக்கூட அருணகிரி அன்றைக்குச் செய்யவில்லை. இதைச் சத்தியமாகச் சொல்லிவிட வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் ஆரம்பித்தார். அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

“ராஜாவுக்கு முடி நரைச்சிப்போச்சு” என்றார்.

“கறுப்பு அடிச்சிக்கறதுதானே?” என்றான் தாவீது.

குதிரைக்குக் களிம்பு பிடித்திருந்ததைச் சொன்னார். புளி போட்டுத் தேய்க்க அரண்மனையில் ஆள் இல்லையா என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. உருக்கப் போகிறார்கள் என்றார். அங்கேதான் வண்டி தடம் புரண்டது. கேட்பவர்கள் எல்லோரும் காலையிலிருந்து மாலைவரை பழைய இரும்பை உருக்குகிறவர்கள். செம்புக்கு எத்தனை டிகிரி, எந்த உலை, கரி போட்டா எண்ணெய் ஊற்றியா என்று தாவீது சந்தேகம் கேட்கத் தொடங்கினான். ஐந்து நிமிஷத்தில் மாயாஜாலக் கதை ஷிப்டு மீட்டிங் ஆகிவிட்டது. மூணாவது வரிசையில் ஒருவன் பீடிக்கு எழுந்தான். அவன் பின்னால் இன்னொருவன். கலியன் டம்ளர்களைப் பொறுக்க ஆரம்பித்தார். பதினோரு வருஷத்தில் அருணகிரி முன்னால் டம்ளர் சத்தம் கேட்டதில்லை. முதுகுகளைப் பார்த்தார். இன்னும் இரண்டு முதுகு திரும்பினால் அப்புறம் இந்த முக்காலி வெறும் முக்காலிதான்.

“அப்பத்தான்” என்றார் அருணகிரி, ஸ்பேனரைக் கையில் எடுத்து, “லாயத்துக்குள்ள ஒரு கனைப்புச் சத்தம் கேக்குது. சன்னமா.”

பீடிக்காரன் நின்றான்.

“குதிரை கனைக்கல. அதும் வயித்துக்குள்ளேர்ந்து வருது.”

டம்ளர் சத்தம் ஓய்ந்தது. அந்த க்ஷணத்தில், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், பதினாறாம் நம்பர் ஸ்பேனருக்குப் பக்கத்தில் ஒரு பத்தாம் நம்பர் ஸ்பேனராக, செம்புக் குதிரைக்குட்டி பிறந்தது.

பிறந்த குட்டி சும்மா இருக்குமா? நாலு மாதத்தில் வளர்ந்தது. முதல் வாரம் இறக்கை முளைத்தது. இரண்டாம் வாரம் மேகத்தைக் கிழித்து மழை கொண்டுவந்தது. தீபாவளிக்குள் நகைச்சுவை நடிகரை எழுப்பி உட்காரவைத்து, அவருக்குப் பெண்ணும் பார்த்து, கல்யாண ஊர்வலத்தில் தானே முன்னால் நடந்தது. இடது காது அம்மாவுக்கு என்றால் இதற்கு வலது காது. இறக்கை மயில்கழுத்து நிறம். மந்திரவாதியின் பெண்டாட்டி? அவளை அருணகிரி முதல் வாரமே கதையிலிருந்து நீக்கிவிட்டார். அவளை வைத்துக்கொண்டு கதையை மேலே கொண்டுபோக அவருக்கு வழி தெரியவில்லை.

பிறகு, வரக்கூடாத நாள் வந்தது. படம் கொட்டகைக்கு வந்தது.

தேசப்பன் கொட்டகை ஜி.என்.டி. ரோட்டோரம் கீற்று வேய்ந்தது. ஒற்றை மெஷின். அதனால் சில ரீல்களுக்கு ஒருமுறை விளக்கைப் போட்டு, முறுக்கு விற்று, அடுத்ததை மாட்டுவார்கள். ‘செம்புக் குதிரை’ முதல் பாகத்துக்கு நாலு இடைவேளை. முதல் நாள் ஆலையே திரண்டு வந்தது. மணலைக் குவித்து, குவியல்மேல் உட்கார்ந்து குட்டிக்காகக் காத்திருந்தார்கள். முதல் இடைவேளை வந்தது. குட்டி வரவில்லை. இரண்டாவதிலும் இல்லை. குதிரை கர்ப்பமாக இருப்பதற்கான அறிகுறியே தென்படவில்லை. மூன்றாவது இடைவேளை முடிந்து படம் ஓடுகையில் தாவீது விரல்விட்டு எண்ணி ஒரு கணக்குக்கு வந்தான். போன படத்துக்கு நாலு இடைவேளை. இதற்கு மூணு, படமோ முடியப்போகிறது. திரையில் அந்தப் பெண் கேள்வி கேட்டு, சபை அடங்கி, ராஜா வாயைத் திறந்த அந்த நேரத்தில் தாவீது எழுந்து நின்றான்.

“ரீலை வெட்டிட்டான்பா. குதிரைக்குட்டி எங்கடா?”

முந்நூறு பேர் அதையே கேட்டார்கள். மணல் பறந்தது. பெஞ்சு சாய்ந்தது. ஆபரேட்டர் மெஷினை நிறுத்திவிட்டுக் கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டார். கீற்றுக்கொட்டகை, கையில் பீடி வைத்திருக்கும் கூட்டம். ஒரு நெருப்புப் பொறி போதும். கொட்டகை முதலாளி தேசப்பனுக்கு வேட்டி நனையாதது ஆச்சரியம். டிக்கெட் காசைத் திருப்பித் தருகிறேன் என்று கும்பிட்டார். காசு யாருக்கு வேண்டும்? குட்டி வேண்டும். கடைசியில் யாரோ ஒரு யோசனை சொன்னார்கள். மெட்ராஸில் பார்த்த மனுஷன் இங்கேயேதான் இருக்கிறார், அவரையே கேட்டுவிடலாம்.

அருணகிரி நாற்காலி வகுப்பின் கடைசியில், தூணுக்குப் பின்னால், தூணைவிட ஒல்லியாக நின்றுகொண்டிருந்தார். கையைப் பிடித்து இழுத்துவந்து திரைமுன் நிறுத்தினார்கள்.

“அருணகிரி, உனுக்குப் புண்ணியமாப் போவும்” என்றார் தேசப்பன். “நீயே சொல்லுப்பா. இந்தப் படத்துல குட்டி கீதா, இல்லியா?”

இப்போது அந்த மனிதரின் நிலையை எண்ணிப் பாருங்கள். இருக்கிறது என்றால் கொட்டகை எரியும். இல்லை என்றால் முக்காலி எரியும். முந்நூறு முகம். முதல் வரிசையில் தாவீது, பிள்ளைத்தாய்ச்சி மாதிரி நம்பிக்கையோடு. வேறு யாராக இருந்தாலும் அழுதிருப்பார்கள். ஆனால் இந்த இனத்துக்கு ஆண்டவன் ஒரு தனித் திறமை கொடுத்திருக்கிறான். அருணகிரி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“மெட்ராஸ் காப்பி வேற” என்றார். “வெளியூர் காப்பி வேற.”

மணல் அள்ளின கைகள் மணலைக் கீழே விட்டன. அடடா, அப்படியா சங்கதி! நமக்கு வரும் துணி மட்டம், வரும் சர்க்கரை மட்டம், ரேஷனில் வரும் அரிசியில் பாதி கல். படம் மட்டும் முழுசாகவா வரும்? எல்லோருக்கும் இது ஏற்கெனவே தெரிந்த உண்மை போலவே இருந்தது. தேசப்பன் தன் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு தொழிலாளியின் தோளைக் கட்டிக்கொண்டார்.

தேசப்பன் கட்டிக்கொண்டதோடு நிற்கிறவர் அல்ல. மறுநாளே ஒரு ஏற்பாடு செய்தார். பதிமூணு ரீலோடு படம் நிற்கும். ராஜா வாயைத் திறந்ததும் விளக்கு எரியும். அருணகிரி திரைமுன் ஸ்டூலில் உட்கார்ந்து மைக்கில் ‘விடுபட்ட காட்சிகளை’ச் சொல்வார். பின்னணிக்கு முதல் பாகத்து இசைத்தட்டு. கடைசி ரீல் பெட்டிக்குள்ளேயே தூங்கும். ஒரு வாரம் ஓடினால் போதும் என்று வேண்டிக்கொண்ட படம் இருபத்தாறு நாள் ஓடியது. ஆரம்பாக்கத்திலிருந்து மாட்டுவண்டி கட்டி வந்தார்கள். தட்டியில் படத்தின் பெயருக்கு மேலேயே எழுதியிருந்தார்கள்: ‘மெட்ராஸ் காப்பி அருணகிரி நேரில்!’

எல்லோருக்கும் சந்தோஷம். ஒரே ஒரு ஆளைத் தவிர.

ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து கூடையில் மீன் கொண்டுவந்து தெருத்தெருவாக விற்கும் கங்கம்மாள் முதல் நாள் பெண்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். கலாட்டாவில் படம் நின்றதும் எழுந்து போனாள். மறுநாள் மறுபடி டிக்கெட் எடுத்தாள். ராஜா வாயைத் திறந்தார், அருணகிரி வந்து உட்கார்ந்தார். மூன்றாம் நாளும் அதேதான். ஆபரேட்டரைப் போய்க் கேட்டாள். மெஷின் விளக்கில் எரியும் கார்பன் குச்சியைப் பார்க்கவே கண் போதவில்லை, பதினெட்டு வருஷமாகத் தான் ஒரு படமும் பார்த்ததில்லை என்று அவர் சொல்லிவிட்டார். நாலாம் நாள் காலை அருணகிரி வீட்டு வாசலில் கூடையை இறக்கினாள்.

“நைனா, நீ மெட்ராஸ்ல பாத்தவனாமே.”

“பாத்தேங்க்கா.”

“அந்த மந்திரவாதி பொஞ்சாதி கேட்டாளே. எம் புருசன் கெட்டவன், தெரியும், ஊரே கைதட்டி அவன நெருப்புல தள்ளிச்சு. அவனுக்குச் சோறு ஆக்கி வெச்சிக்கினு உக்காந்திருந்தவ நானு. எனக்கு யாரு பதில் சொல்றதுன்னு. ராஜா வாயத் தொறந்தாரு. அப்பால இன்னா சொன்னாரு?”

“அப்ப, லாயத்துல, குட்டி...”

“குட்டிய உடு. அது உன்து. நல்லா கீது. ராஜா இன்னா சொன்னாரு?”

அருணகிரி வாயைத் திறந்தார். ராஜா திறந்த மாதிரியே. அதோடு நின்றுபோனார்.

கங்கம்மாளின் புருஷன் அன்றைக்கு ஆறு வருஷத்துக்கு முன்னால் வேறொருவர் படகில் முகத்துவாரத்துக்குப் போய்த் திரும்பவில்லை. படகுக்காரர் வீட்டுக்குப் போய் ஒரு கேள்வி கேட்டாள். அவரும் வாயைத் திறந்தார். கொட்டாவி விட்டார். அந்தக் கேள்விக்கு ஒரு ராஜாவாவது என்ன பதில் சொல்கிறார் என்று தெரிந்துகொள்ள மூன்று நாள் வியாபாரத்தைக் கெடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிறாள். கூடையிலிருந்து அஞ்சு மடவை மீனை எடுத்து முறத்தில் போட்டாள்.

“துட்டு வேணாம். பதிலச் சொல்லு, கணக்கு நேரா பூடும்” என்று சொல்லிக் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

உள்ளேயிருந்து அருணகிரியின் மனைவி செங்கம்மாள் வந்து முறத்தை எடுத்தாள். மீனைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள்.

“ஏன்யா, ரயிலுக்கு நேரமாயிடுச்சின்னு சொல்லிட வேண்டியதுதானே?”

இதுதான் பதினோரு வருஷ ரகசியம். மாலைக் காட்சி முடிவது ஒன்பதே முக்காலுக்கு. கும்மிடிப்பூண்டிக்குக் கடைசி வண்டி ஒன்பது நாற்பதுக்கு. மெட்ராஸில் பார்த்துவிட்டு வந்தவர் மெட்ராஸில் எந்தப் படத்துக்கும் முடிவு பார்த்ததே இல்லை. வில்லன் அடிவாங்குவார், போலீஸ் ஜீப்பு வரும், கல்யாணம் நடக்கும். ரயில் பெட்டிக்குள் உட்கார்ந்து யோசித்தால் பொன்னேரி தாண்டுவதற்குள் முடிவு தானாக வந்துவிடும். பதினோரு வருஷத்தில் ஒன்றுகூடத் தப்பியதில்லை. தமிழ் சினிமா அவரை ஒருநாளும் கைவிட்டதில்லை. இந்த ஒரு படத்தில்தான், பொன்னேரி தாண்டியும், கவரைப்பேட்டை தாண்டியும், வீட்டு வாசல் வந்தும், ராஜா திறந்த வாயோடு அப்படியே நின்றார்.

மீன் குழம்பாகி, தின்று, முள்ளும் பூனைக்குப் போய்விட்டது. கடன் நின்றது. கடைசி ரீலைப் போட்டுக் காட்டச் சொன்னால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று நாளைத் தள்ளியதில், இருபத்தாறு நாளும் ஓடிப் படப்பெட்டியும் கொட்டகையை விட்டுப் போயிருந்தது. அருணகிரி சம்பளம் வெட்டி லீவு போட்டு மெட்ராஸ் போனார். அங்கே படம் கொட்டகையை விட்டுப் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. விசாரித்ததில் பெட்டி பள்ளிப்பட்டில் இருப்பதாகத் தெரிந்தது. இரண்டு பஸ் மாறிப் பள்ளிப்பட்டுக்குப் போனார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு படத்தை முடிவுக்காகவே பார்ப்பது என்று மணலைக் குவித்து உட்கார்ந்தார். பதிமூணு ரீல் ஓடியது. அவள் கேட்டாள். சபை அடங்கியது. ராஜா வாயைத் திறந்தார்.

விளக்கு எரிந்தது.

ஜரிகைத் துண்டு போட்ட ஒரு ஆசாமி மைக்கோடு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். லாயத்துக்குள்ளிருந்து சன்னமாக ஒரு கனைப்பு கேட்டதாக ஆரம்பித்தார். இந்த ஊர்க் குட்டிக்குக் கொம்பும் இருந்தது. கும்மிடிப்பூண்டி சமாச்சாரம் இவருக்கு முன்னால் பஸ் ஏறி வந்துவிட்டிருக்கிறது.

அருணகிரி எழுந்து நின்றார். “குட்டியெல்லாம் இல்லப்பா. கடைசி ரீலைப் போடுங்க” என்று கத்தினார்.

பின்னாலிருந்த ஒரு பெரியவர் அவர் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தார். “ஒக்காரு நைனா. அவுரு மெட்ராஸ்ல பாத்துட்டு வந்தவுரு. நீ பாத்தியா?”

அருணகிரி உட்கார்ந்தார்.

திரும்பி வந்தபின் ராஜாவுக்காக அவர் எத்தனை பதில் கட்டியிருப்பார் என்று நினைக்கிறீர்கள்? மன்னிப்புக் கேட்கும் ராஜா, பொன் கொடுக்கும் ராஜா, கிரீடத்தைக் கழற்றி அவள் காலடியில் வைக்கும் ராஜா. ஐம்பது பேரைக் கட்டிப்போட்ட வாய். ஆனால் கங்கம்மாள் கூடையை இறக்கி நிமிர்ந்து பார்த்தால் ஒன்றும் வெளியே வரமாட்டேன் என்கிறது. ‘அடுத்த வாரம் சொல்றேங்க்கா’ என்கிறார். அவளும் சரி என்று போகிறாள்.

இவ்வளவு நேரம் அருணகிரியைப் பார்த்துச் சிரித்தீர்கள். சந்தோஷம். ஒரு சின்னப் பரீட்சை வைக்கலாமா? ராஜா வாயைத் திறந்தாரே, அவர் என்ன சொல்லியிருப்பார் என்று உங்கள் மனசுக்குள் இந்நேரம் ஒரு வசனம் தயாராகியிருக்கிறதா? படத்தை நீங்கள் பார்க்கவில்லை. போஸ்டரைக்கூடப் பார்க்கவில்லை. இருந்தாலும் வசனம் கச்சிதமாக இருக்கிறது, இல்லையா? நாளைக்கு டீக்கடையில் யாரிடமாவது இந்தக் கதையைச் சொல்லும்போது அதைக் கடைசியில் சேர்த்துவிடுவதாக உத்தேசம். சேருங்கள். கை தட்டுவார்கள். முக்காலிகூடப் போடுவார்கள்.

போகிற வழியில் தலையில் கூடையோடு ஒரு அம்மாள் எதிரே வந்தால் மட்டும் பக்கத்துச் சந்தில் திரும்பிவிடுங்கள். அஞ்சு மடவைக்கு அவளுக்கு இன்னும் பதில் வந்து சேரவில்லை.